காது திறந்தா... வாய் தானா திறக்கும்!

‘மே ஐ கம் இன் சார்?’

பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வருஷம் படித்ததில், நம்மில் நிறையப் பேர் திக்காமல் திணறாமல் சொன்ன ஒரே இங்கிலீஷ் வாக்கியம் இதுதானே ஃப்ரெண்ட்ஸ்! சரி, உள்ளே வந்தாச்சு. பள்ளிக்கூடம் முடிந்து காலேஜுக்குள்ளேயும் வந்தாச்சு. வந்த பிறகுதான் தெரிகிறது... இங்கே கணக்கும் இங்கிலீஷ், ஃபிஸிக்ஸும் இங்கிலீஷ், கேள்வியும் இங்கிலீஷ், நம்ம பதிலும் இங்கிலீஷில்தான் வர வேண்டுமாம்!

நான் விழுப்புரம் பக்கத்துக் கிராமம். ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். 2021-ல் வந்த சட்டப்படி, பொறியியல் மாதிரியான தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இடம் ஒதுக்கினார்கள் இல்லையா? அந்த வாசல் வழியாகத்தான் இ.சி.இ. சேர்ந்தேன். இப்போ மூன்றாம் வருஷம். இடம் கிடைத்துவிட்டது. ஆனால் கிளாஸில் உட்கார்ந்து கேட்கிற காது? அதை நாமேதான் தயார் பண்ணிக்கணும்!

அந்தக் காதைத் தயார் பண்ணிய கதையைத்தான் சொல்லப் போகிறேன். முதலில் என் அசிங்கத்தைச் சொல்லிவிடுகிறேன்.

‘எஸ் சார்!’

இரண்டாம் வருஷம். டிபார்ட்மென்ட்டில் ப்ராஜெக்ட் கண்காட்சி. எங்கள் டீமில் மூன்று பேர். மண்ணின் ஈரத்தை சென்சார் பார்த்துச் சொல்லும், ஈரம் குறைந்தால் மோட்டார் தானாக ஓடும். இதுதான் ப்ராஜெக்ட். சால்டரிங் வைத்தது நான். கோடு எழுதியது நான். சோதித்துப் பார்த்தது எங்கே தெரியுமா? எங்க அப்பாவோட மல்லாட்டைக் கொல்லையில்! மூன்று வாரம் லீவு நாளெல்லாம் ஊருக்குப் போய், அப்பா மண்ணைக் கையில் பிடித்து “இப்ப தண்ணி விடலாம்மா” என்று சொல்கிறபோதெல்லாம் சென்சார் என்ன காட்டுகிறது என்று குறித்து வைத்தேன். பெரும்பாலும் 30 பக்கம் காட்டியது. அதனால் 30 என்று வைத்தோம்.

வெளியிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். எல்லாவற்றையும் பார்த்தார். என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். என் காதில் விழுந்தது இது: “ஸோ வாட்மேஜு செட்லான் தர்ட்டி?”

நான் சிரித்துக்கொண்டே, “எஸ் சார்!” என்றேன்.

அவர் முகம் மாறியது. பக்கத்தில் நின்ற டீம்மேட் சமாளிக்கிறேன் பேர்வழி என்று, “இன்டர்நெட்ல இருந்து எடுத்தோம் சார்” என்று இங்கிலீஷில் சொன்னான். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த டேபிளுக்குப் போய்விட்டார்.

அவர் கேட்டது, ‘வாட் மேட் யூ செட்டில் ஆன் தர்ட்டி?’ முப்பதைத் தேர்ந்தெடுக்க என்ன காரணம் என்ற கேள்வி. அந்தக் கேள்விக்கு உலகத்திலேயே சரியான பதில் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான். மூன்று வார வெயில், அப்பாவோட நாற்பது வருஷ அனுபவம்... எல்லாம் ‘இன்டர்நெட்’ ஆகிப்போச்சு!

ராத்திரி போனில் அப்பா கேட்டார்: “நம்ம கொல்லை மண்ணைப் பத்திச் சொன்னியாம்மா?”

“சொன்னேம்பா” என்றேன். பொய்.

கோளாறு எங்கே?

ஹாஸ்டல் மொட்டைமாடியில் உட்கார்ந்து அழுது முடித்ததும் ரூம்மேட் கேட்டாள். “ஏன்டி, அந்தக் கேள்வியை எழுதிக் காட்டியிருந்தா புரிஞ்சிருக்குமா?”

“கண்டிப்பாடி!”

“அப்போ உனக்கு இங்கிலீஷ் தெரியலன்னு இல்ல. காது பழகல. அவ்ளோதான்!”

நல்லா கவனிங்க பாஸ், இதுதான் விஷயமே! நாம் இங்கிலீஷைக் கண்ணால் படித்தவர்கள். புத்தகத்தில் ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது. பேசுகிறபோது அது கிடையாது. ‘மேட் யூ’ சேர்ந்து ‘மேஜு’ ஆகிறது. ‘கோயிங் டு’ தேய்ந்து ‘கனா’ ஆகிறது. ‘கேன்’ என்பது வாக்கியத்துக்கு நடுவே வெறும் ‘க்ன்’ ஆகிவிடுகிறது. நம் ஊரில் ‘போய்விட்டு வருகிறேன்’ என்பதை யாராவது அப்படியே சொல்கிறோமா? ‘போய்ட்டு வரேன்’தானே! அதே கதைதான் அங்கேயும்.

அப்புறம் ஸ்பீக்கிங்? பலர் நேராக ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸுக்குப் பணம் கட்டுகிறார்கள். ‘ஹவ் ஆர் யூ, வாட் இஸ் யுவர் ஹாபி’ என்று பழகிவிட்டு வருகிறார்கள். ஆனால் வைவாவில் யாரும் ஹாபி கேட்பதில்லையே! காலேஜுக்கு வேண்டிய இங்கிலீஷ் வேறு. லெக்சரைப் பின்தொடர்வது, குறிப்பெடுப்பது, சந்தேகம் கேட்பது, காரணம் சொல்வது, மறுத்துப் பேசுவது. இதற்கான சரக்கு நெட்டில் இலவசமாகவே கொட்டிக் கிடக்கிறது. எதை, எப்படி எடுப்பது? வாங்க பார்க்கலாம்.

தெரிந்த பாடம், தெரியாத காது

நான் கண்டுபிடித்த முதல் ரகசியம் இது. ஏற்கனவே தெரிந்த பாடத்தையே கேளுங்க! பாடமும் புதுசு, மொழியும் புதுசு என்றால் மண்டை சூடாகிவிடும். பாடம் தெரிந்திருந்தால் மூளை முழுசாகக் காதுக்கு வேலை செய்யும்.

இதற்கு முதல் இடம் என்.பி.டி.இ.எல். ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யும் சேர்ந்து 2003-ல் ஆரம்பித்த திட்டம். இன்ஜினீயரிங்கில் எந்தப் பிரிவாக இருந்தாலும் வகுப்பு இருக்கும். பார்க்கக் காசு வேண்டாம், சான்றிதழ்த் தேர்வுக்குத்தான் கட்டணம். இன்னொரு சவுகரியம், பேசுவது நம் நாட்டுப் பேராசிரியர்கள். நமக்குப் பழகிய உச்சரிப்பு. பல பாடங்களுக்கு லெக்சர் முழுவதும் எழுத்து வடிவில் கிடைக்கிறது, சிலவற்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. தமிழில் ஒரு தடவை படித்துவிட்டு இங்கிலீஷில் கேட்டுப் பாருங்க. காது எவ்வளவு சுறுசுறுப்பாகிறது என்று நீங்களே ஆச்சரியப்படுவீங்க!

அடுத்த படி, எம்.ஐ.டி. ஓப்பன் கோர்ஸ்வேர். அமெரிக்காவின் எம்.ஐ.டி. தன் பாடங்களை இலவசமாகத் தரப்போவதாக 2001-ல் அறிவித்து ஆரம்பித்தது. நான் தொடங்கியது கில்பர்ட் ஸ்ட்ராங் என்கிற பேராசிரியரின் லீனியர் ஆல்ஜிப்ரா வகுப்பில். 1962-லிருந்து எம்.ஐ.டி.யில் பாடம் நடத்திய மனிதர், 2023-ல்தான் கடைசி வகுப்பு எடுத்தார். மேட்ரிக்ஸ் நமக்குத் தெரிந்ததுதானே! அவர் நிறுத்தி நிறுத்தி, போர்டைப் பார்த்து யோசித்து யோசித்துப் பேசுவார். அமெரிக்க உச்சரிப்புக்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் எனக்குக் கிடைக்கவில்லை.

பத்து நிமிஷம், ஐந்து சுற்று!

ஒரு மணி நேர வீடியோவை ஓடவிட்டு, கன்னத்தில் கை வைத்துப் பார்த்தால் பயிற்சி ஆகாது, தூக்கம்தான் வரும்! நான் செய்தது இப்படி. லெக்சரில் இரண்டே நிமிஷப் பகுதியை எடுத்துக்கொள்ளணும்.

சுற்று 1: கேப்ஷனை அணைத்துவிட்டுக் கேளுங்க. என்ன புரிந்ததோ அதைத் தமிழிலேயே ஒரு வரி எழுதுங்க.

சுற்று 2: மறுபடி கேட்டு, காதில் விழுந்ததை இங்கிலீஷில் எழுதுங்க. விழாத இடத்தில் கோடு போடுங்க.

சுற்று 3: இப்போ எழுத்து வடிவத்தைத் திறந்து ஒப்பிட்டுப் பாருங்க. கோடு போட்ட இடமெல்லாம் பெரும்பாலும் உங்களுக்குத் தெரிந்த வார்த்தையாகத்தான் இருக்கும்! அந்த இடத்தில் எது எதோடு ஒட்டிக்கொண்டது என்று குறியுங்க.

சுற்று 4: யூட்யூபில் வேகத்தை 0.75-க்குக் குறைத்து, அவர் சொல்லச் சொல்லக் கூடவே சொல்லுங்க. நிழல் மாதிரி அரை வினாடி பின்னாலேயே போகணும்.

சுற்று 5: வேகத்தைப் பழையபடி வைத்து, கேப்ஷன் இல்லாமல் கடைசியாக ஒரு தடவை.

ஒரு எச்சரிக்கை. யூட்யூப் தானாகப் போடும் கேப்ஷனை வேதவாக்காக எடுக்காதீங்க. டெக்னிக்கல் வார்த்தைகளில் அது அடிக்கும் கூத்து தனி காமெடி டிராக்!

லெக்சரில் இன்னொன்றையும் பிடித்துக்கொள்ளுங்க. வழிகாட்டிச் சொற்கள். பஸ்ஸில் கண்டக்டர் ஸ்டாப்பிங் பேர் சொல்வது மாதிரி, பேராசிரியர்களும் சொல்லிக்கொண்டேதான் போவார்கள். ‘ஓகே, நவ்’ என்றால் அடுத்த விஷயம் ஆரம்பம். ‘இன் அதர் வேர்ட்ஸ்’ என்றால் சொன்னதையே திருப்பிச் சொல்லப் போகிறார், முன்னே விட்டதைப் பிடித்துக்கொள்ளலாம். ‘த பாயின்ட் இஸ்’ என்றால் பேனாவைக் கையில் எடுங்க. ‘ஆன் த அதர் ஹேண்ட்’ என்றால் வண்டி எதிர்த்திசையில் திரும்புகிறது. இந்த நாலு ஸ்டாப்பிங் காதில் விழுந்தாலே, நடுவே சில வார்த்தைகள் போனாலும் வழி தவறாது.

புரொஃபசரும் திணறுவார்!

என் பயத்தைப் பாதியாகக் குறைத்தது எது தெரியுமா? மைக்கேஸ். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வகுப்பு, செமினார், லேப், மாணவர்கள் சந்தேகம் கேட்கும் நேரம் என்று உண்மையான பேச்சுகளைப் பதிவு செய்து, அப்படியே எழுத்தாக்கி நெட்டில் போட்டிருக்கிறார்கள். 152 பதிவுகள், சுமார் 18 லட்சம் வார்த்தைகள்! இங்கிலாந்திலும் வாரிக், ரெடிங் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து 160 லெக்சர்களும் 39 செமினார்களும் கொண்ட பேஸ் என்ற தொகுப்பை உருவாக்கியிருக்கின்றன.

மைக்கேஸில் ஒரு வகுப்பைத் திறந்து படியுங்க. பேசுகிறவர்கள் ‘அம்... அஹ்...’ என்று இழுக்கிறார்கள். வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு வேறு வாக்கியம் ஆரம்பிக்கிறார்கள். சொன்னதைத் திருத்துகிறார்கள். அட, இங்கிலீஷ்காரங்களே இப்படித்தான் பேசுறாங்களா! அப்போ நான் எதுக்கு முழு வாக்கியத்தையும் மனசுக்குள் இலக்கணம் பார்த்து முடித்த பிறகுதான் வாயைத் திறப்பேன் என்று உட்கார்ந்திருந்தேன்?

பஸ்ஸில் கேட்க...

எல்லா நேரமும் லெக்சர் கேட்க முடியாதே! டவுன் பஸ்ஸில் போகும்போது பி.பி.சி. லேர்னிங் இங்கிலீஷின் ‘சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்’ கேளுங்க. பேரிலேயே நேரம் இருக்கு! ஆரம்பத்தில் ஒரு கேள்வி போடுவார்கள், கடைசியில்தான் பதில். நடுவே சில புது வார்த்தைகள். எழுத்து வடிவமும் கிடைக்கும். வைஃபை இருக்கும் இடத்தில் டவுன்லோடு செய்து வைத்துக்கொண்டால் டேட்டாவும் மிச்சம்.

டெட் டாக்ஸ் எல்லோருக்கும் தெரியும். அதிகபட்சம் 18 நிமிஷம் என்பது அங்கே கணக்கு. அதன் இணையதளத்தில் எழுத்து வடிவத்தில் ஒரு வரியைத் தொட்டால் வீடியோ அந்த இடத்துக்கே தாவும். திரும்பத் திரும்பக் கேட்க வசதி.

அண்ணன் அக்காக்கள் சொல்லும் வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவின் மெதுவான இங்கிலீஷ்? 1959-ல் ‘ஸ்பெஷல் இங்கிலீஷ்’ என்று ஆரம்பித்து, சுமார் 1,500 வார்த்தைகளுக்குள் நிதானமாகச் செய்தி வாசித்துப் பல தலைமுறைகளுக்குக் கை கொடுத்தது. ஆனால் 2025 மார்ச்சில் அமெரிக்க அரசின் உத்தரவால் அந்த நிறுவனத்தின் பணிகள் முடக்கப்பட்டன. பழைய ஒலிப்பதிவுகள் கிடைத்தால் கேளுங்க, அதையே நம்பித் திட்டம் போடாதீங்க.

எழுத்து சரி... அழுத்தம்?

இப்போ வாய்க்கு வருவோம். நம் பிரச்னை உச்சரிப்பு என்று நினைக்கிறோம். உண்மையில் பாதி பிரச்னை அழுத்தம். தமிழில் எந்த இடத்தில் அழுத்திச் சொன்னாலும் பொருள் மாறாது. இங்கிலீஷில் அழுத்தம் இடம் மாறினால் கேட்பவருக்கு வார்த்தையே பிடிபடாமல் போகலாம்.

நாம் சொல்வது ‘பேராமீட்டர்’, முதலில் அழுத்தம். சரியானது ‘ப-ரா-மிட்டர்’, இரண்டாவதில் அழுத்தம். இதே மாதிரிதான் டயாமீட்டர். ‘டை-ஆ-மிட்டர்’ என்று ‘ஆ’வில் அழுத்தணும். தெர்மாமீட்டரில் ‘மா’வில். அனாலிஸிஸில் ‘னா’வில். டெவலப்பில் ‘வெ’யில். இன்ஜினீயர் என்று நம் தொழில் பெயரையே ‘னீ’யில் அழுத்திச் சொல்லணும் பாஸ்!

இதைச் சரிபார்க்க யூக்ளிஷ் என்று ஒரு தளம். ஒரு வார்த்தையைப் போட்டால், யூட்யூப் வீடியோக்களில் அந்த வார்த்தையை யார் யார் எப்படிச் சொன்னார்கள் என்று வரிசையாகக் காட்டும். டிக்‌ஷனரி ஒரு தடவை சொல்லும். யூக்ளிஷில் பத்துப் பேர் பத்து வாக்கியத்தில் சொல்வார்கள். நான் செமஸ்டருக்கு ஐம்பது டெக்னிக்கல் வார்த்தைகள் என்று நோட்டுப் போட்டு, அழுத்தும் இடத்தில் சிவப்புப் பேனாவில் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

அமெரிக்கர் மாதிரிப் பேச வேண்டுமா என்று கேட்டால், வேண்டவே வேண்டாம்! நம் ஊர் வாசனை இருக்கட்டும். எதிரே இருப்பவருக்குப் புரிந்தால் போதும்.

சுவரோடு பேசாதீங்க, மெஷினோடு பேசுங்க!

கூகுள் டாக்ஸில் வாய்ஸ் டைப்பிங் இருக்கிறது. இந்திய இங்கிலீஷைத் தேர்ந்தெடுத்து, ஒரு நிமிஷம் உங்கள் ப்ராஜெக்ட் பற்றிப் பேசுங்க. திரையில் என்ன வருகிறது என்று பாருங்க. நான் முதல் நாள் ‘சாயில் மாய்ஸ்ச்சர்’ என்றேன். ‘சைலன்ட் மாஸ்டர்’ என்று வந்தது! ரூம்மேட் அன்றிலிருந்து என்னை ‘சைலன்ட் மாஸ்டர்’ என்றுதான் கூப்பிடுகிறாள். எல்லாத் தப்பும் நம்முடையது அல்ல, மெஷினும் தப்பு செய்யும். ஆனால் ஒரே வார்த்தை மூன்று தடவையும் தப்பாக வந்தால் யூக்ளிஷுக்கு ஓடுங்க.

சாட்ஜிபிடி, ஜெமினி மாதிரியான செயலிகளிலும் இப்போ குரலிலேயே உரையாட முடிகிறது. ‘நீ வைவா எடுக்கும் எக்ஸ்டர்னல். என் ப்ராஜெக்ட் பற்றி ஒவ்வொரு கேள்வியாகக் கேள். நான் முடிக்கும்வரை குறுக்கிடாதே. கடைசியில் மூன்று தவறுகளை மட்டும் சொல்’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்க. சும்மா விட்டால், நாம் எதைச் சொன்னாலும் ‘ஆஹா பிரமாதம்’ என்று ஐஸ் வைக்கும். பதிலையும் அதையே எழுதித் தரச் சொல்லாதீங்க. வைவாவுக்கு அது வராது, நாம்தான் போகணும்!

ஐ.இ.எல்.டி.எஸ். எழுதாதவர்களும் அதன் மாதிரித் தேர்வைப் பயன்படுத்தலாம். லிசனிங்கில் நான்கு பகுதி, 40 கேள்வி, ஒலிப்பதிவு ஒரே ஒரு தடவைதான். நான்காவது பகுதி ஒரு லெக்சர் மாதிரிப் பேச்சு. நமக்கு வேண்டியது அதுதான். ஸ்பீக்கிங்கின் இரண்டாம் பகுதியில் ஒரு தலைப்பு தந்து, யோசிக்க ஒரு நிமிஷம், பேச இரண்டு நிமிஷம் வரை தருவார்கள். இதே விளையாட்டை உங்கள் பாடத்தை வைத்து ஆடுங்க. டையோடு, பீம், லிங்க்டு லிஸ்ட் என்று சீட்டு எழுதிக் குலுக்கி எடுத்து, ஒரு நிமிஷம் யோசித்து, இரண்டு நிமிஷம் பேசி, போனில் ரெக்கார்ட் செய்து கேளுங்க. முதல் தடவை நம் குரலைக் கேட்கவே பிடிக்காது. மூன்றாவது நாள் பழகிவிடும்.

டோஃபல் எழுத நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2026 ஜனவரியில் அந்தத் தேர்வின் அமைப்பே மாறிவிட்டது. சீனியர் தரும் பழைய புத்தகத்தை அன்போடு வாங்கி வைத்துக்கொண்டு, பயிற்சியை மட்டும் அதிகாரபூர்வ தளத்தில் செய்யுங்க.

கைவசம் நாலு வாக்கியம்

இவை நாலும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரணும்!

* கேள்வி காதில் விழவில்லையா? ‘குட் யூ ப்ளீஸ் ரிபீட் த குவெஸ்டின்?’
* பாதி புரிந்ததா? ‘ஆர் யூ ஆஸ்கிங் வை வி சோஸ் திஸ் வேல்யூ?’
* யோசிக்க நேரம் வேண்டுமா? ‘லெட் மி திங்க் ஃபார் எ மொமென்ட்.’
* பதில் தெரியாதா? ‘ஐ டோன்ட் நோ தட் எட், பட் ஐ நோ திஸ் மச்.’

இதில் முதல் வாக்கியம் மட்டும் அன்றைக்கு என் கையில் இருந்திருந்தால், எங்க அப்பாவோட மண் ‘இன்டர்நெட்’ ஆகியிருக்காது.

சொன்னேம்பா!

ஒரு வருஷம். தினமும் இருபது நிமிஷம் என்று கணக்கு, வாரத்துக்கு ஐந்து நாள்தான் முடிந்தது. செமஸ்டர் நேரத்தில் அதுவும் இல்லை. இப்பவும் வேகமாகப் பேசும் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் தலை சுற்றும். சரளமெல்லாம் வந்துவிடவில்லை, பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் போன மாதம் அதே ப்ராஜெக்ட்டின் அடுத்த கட்டத்துக்கு ரிவ்யூ. வேறொரு எக்ஸ்டர்னல். அவரும் அதே இடத்தில் வந்து நின்றார். ஏதோ கேட்டார். முதல் தடவை பிடிபடவில்லை. கை நடுங்கியது. “குட் யூ ப்ளீஸ் ரிபீட் த குவெஸ்டின் சார்?” என்றேன். அவர் கோபப்படவில்லை. நிதானமாகத் திருப்பிக் கேட்டார். 30 எங்கிருந்து வந்தது? அதே கேள்வி!

சொன்னேன். மூன்று வாரம், மல்லாட்டைக் கொல்லை, அப்பா கை வைத்துப் பார்த்தது, ஒவ்வொரு தடவையும் சென்சார் காட்டியது... நோட்டை எடுத்துக் காட்டினேன். ‘மை ஃபாதர் நோ த சாயில்’ என்று சொல்லிவிட்டேன். ‘நோஸ்’ என்று வந்திருக்கணும். யாரும் சிரிக்கவில்லை. அவர் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். “உங்க அப்பா இல்லாத வேறொரு நிலத்தில் இது வேலை செய்யுமா?” என்று அடுத்த கேள்வி கேட்டார். நல்ல கேள்வி! பதில் எனக்கு முழுசாகத் தெரியவில்லை. நாலாவது வாக்கியத்தை எடுத்து விட்டேன்!

ராத்திரி அப்பாவுக்கு நானே போன் போட்டேன்.

“நம்ம கொல்லை மண்ணைப் பத்திச் சொன்னேம்பா.”

“அன்னிக்கே சொன்னேன்னியேம்மா?”

“இன்னிக்குத்தாம்பா நல்லா சொன்னேன்!”

உங்களிடமும் இப்படி ஒரு பதில் உள்ளே உட்கார்ந்திருக்கும் ஃப்ரெண்ட்ஸ். கேள்வி புரியாததால் அது வெளியே வராமல் போகக் கூடாது. இன்றைக்கு ராத்திரி இரண்டே நிமிஷ லெக்சர்... ஹெட்போன் எடுத்தாச்சா?